ஒரே நாளில் 19 இதழ்கள்: அமெரிக்கக் கார் ஆர்வலர் இதழ்கள் நின்றுபோன கதை – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது

2019 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மோட்டார்டிரெண்ட் குழுமம் தன் கையில் இருந்த 22 அச்சு இதழ்களில் 19-ஐ நிறுத்திவிடுவதாக அறிவித்தது. மோட்டார் டிரெண்ட், ஹாட் ராட், ஃபோர் வீலர் ஆகிய மூன்று மட்டும் தப்பின. கார் கிராஃப்ட், ஆட்டோமொபைல், லோரைடர், ஸ்ட்ரீட் ராடர், சூப்பர் ஷெவி, மஸ்டாங் மன்த்லி, டிரக்கின், சூப்பர் ஸ்ட்ரீட் எனப் பல தலைமுறைகள் கையில் வைத்துப் படித்த பெயர்கள் ஒரே பட்டியலில் போயின.

ஏன் என்று கேட்டால் 'எல்லாரும் போனில் படிக்கிறார்கள்' என்று யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், நிறுத்தப்பட்ட இதழ்களில் பணியாற்றியவர்கள் மறு ஆண்டே புதிய அச்சு இதழ் தொடங்கி அதற்குச் சந்தா சேர்த்திருக்க முடியாது. அச்சை விட்டுவிட்டு எந்த இணைய ஒளிபரப்புச் சேவையை நம்பிக் குழுமம் போனதோ, அந்தச் சேவையும் ஐந்து ஆண்டுகளுக்குள் மூடப்பட்டிருக்காது. அதனால் 1948-ல் தொடங்கி வரிசையாகப் பார்க்கிறேன். முடிவெடுத்த நிர்வாகிகள், இதழாசிரியர்கள், ஊழியர்கள் ஆகியோரின் பெயர்களை இதில் தரவில்லை. வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட நிறுவனர்களை மட்டும் பெயரோடு குறிப்பிடுகிறேன்.

பின்னணி: ஷெட்டுக்குள் வந்த இதழ்

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் தெற்குக் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, தேவையில்லாத தகரத்தையெல்லாம் கழற்றி எறிந்து, என்ஜினைத் திருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பத்திரிகைகளுக்கு அவர்கள் ரோட்டில் வம்பு செய்யும் பையன்கள். 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஆர்மரி கட்டடத்தில், ஹாட் ராட் என்று அழைக்கப்பட்ட அந்தக் கார்களுக்கென்று ஒரு கண்காட்சி நடந்தது. ராபர்ட் பீட்டர்சன் என்ற இளைஞர், கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து, 25 சென்ட் விலை போட்ட ஹாட் ராட் என்ற புதிய இதழை அங்கே கைக்குக் கை விற்றார். அடுத்த ஆண்டே மோட்டார் டிரெண்ட் வந்தது. 1953-ல் ஹாங்க் என்ற பெயரில் இன்னொன்று தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் கார் கிராஃப்ட் என்று பெயர் மாறியது.

இந்த இதழ்கள் செய்தி சொன்னதோடு நிற்கவில்லை. ஹாட் ராட் இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். ரோட்டில் நடந்த பந்தயம் ஒழுங்கான ஓடுபாதைக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் வந்து சேர்ந்ததில் அந்த இதழின் பங்கு பெரிது. தன் வாசகர்களை ரவுடிகள் என்று உலகம் பார்த்த காலத்தில், அவர்கள் கைத்தொழில் தெரிந்தவர்கள் என்று மாதாமாதம் படம் போட்டுக் காட்டியது அது.

என்னிடம் பழைய புத்தகக் கடையில் எடுத்த கார் கிராஃப்ட் இதழ் ஒன்று இருக்கிறது. முதுகில் பின் அடித்த மெல்லிய பிரதி. நடுப்பக்கத்துக்கு அருகே ஒரு ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. யாரோ ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் இதழுமாக நின்றிருக்கிறார். அந்தப் பக்கத்தில் இருப்பது, என்ஜினின் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டான கேம்ஷாஃப்டை மாற்றும் கட்டுரை. என்ஜினின் திறனை அளக்கும் டைனமோமீட்டரில் அதை ஏற்றி ஓட்டிப் பார்த்து அளவு எடுக்கிறார்கள். பிறகு வேறெதையும் தொடாமல் கேம்ஷாஃப்டை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுகிறார்கள். எந்தச் சுழற்சி வேகத்தில் எத்தனை குதிரைத்திறன், எத்தனை டார்க் (முறுக்கு விசை) என்று கடைசியில் அட்டவணை. போல்ட்டை எந்த வரிசையில் முறுக்க வேண்டும் என்பதற்குச் சின்னச் சின்னப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. எதிர்ப் பக்கத்தில் அதே கேம்ஷாஃப்டை விற்கும் கம்பெனியின் விளம்பரம். கட்டுரையைப் படித்தவனுக்கு அடுத்துத் தேவைப்படுவது அந்த விலாசம்தான். விளம்பரமும் படிக்கத்தக்க பொருளாக இருந்த இதழ்கள் இவை. வேறு வகைப் பத்திரிகைகளுக்கு இந்தக் கொடுப்பினை அரிது.

எல்லா இதழ்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. லோரைடர் 1977-ல் சான் ஹோசே பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தொடங்கியது. மெக்சிகோ வழி அமெரிக்கர்கள், தாழ்வாக இறக்கி வண்ணம் தீட்டிய தங்கள் ஷெவர்லே இம்பாலாக்களை ஸ்டோரி சாலையும் கிங் சாலையும் சந்திக்கும் இடத்தில் வார இறுதியில் மெதுவாக ஓட்டி வருவார்கள். தங்கள் முகத்தையும் தங்கள் தெருவையும் அச்சில் பார்க்க அவர்களுக்கு இருந்த இடம் அந்த இதழ். ஸ்ட்ரீட் ராடர் 1972-ல் வந்தது. 1948-க்கோ அதற்கு முன்போ செய்த கார்களைப் புதுப்பித்து ஓட்டுபவர்களுக்கானது. ஆட்டோமொபைல் 1986-ல் டேவிட் இ. டேவிஸ் தொடங்கிய இதழ். தடித்த தாள், முழு வண்ணப் படங்கள், நிதானமான நீண்ட கட்டுரைகள். ஒன்றின் வாசகர் மற்றொன்றை வாங்கவே மாட்டார். பின்னால் எடுத்த முடிவில் விட்டுப்போனது இந்த வேறுபாடுதான் என்பது என் கணிப்பு.

வரவு எங்கிருந்து வந்தது

இந்த இதழ்களின் கணக்கு தெரியாமல் சரிவு புரியாது.

கடையில் ஒரு பிரதி ஐந்தாறு டாலர். சந்தா கட்டினால் ஓர் ஆண்டு முழுவதற்கும் பத்துப் பன்னிரண்டு டாலருக்குக் கிடைக்கும். அந்தப் பணம் தாளுக்கும் அச்சுக்கும் தபாலுக்குமே போதாது. தெரிந்தேதான் அப்படிக் கொடுத்தார்கள். விளம்பரதாரருக்கு 'இத்தனை லட்சம் பிரதி போகிறது' என்று தணிக்கை செய்த எண் ஒன்றைக் காட்ட வேண்டும், அந்த எண்ணுக்கு ஏற்பத்தான் பக்கக் கட்டணம். எண் இறங்கினால் கட்டணமும் இறங்கும். எனவே எண்ணைத் தாங்கிப் பிடிக்கச் சந்தாவை மேலும் மலிவாக்குவார்கள்.

கடை விற்பனையின் நிலை இன்னும் மோசம். அனுப்புகிற பிரதிகளில் பாதிகூட விற்காது. மிஞ்சியது ரிட்டர்ன். நம் ஊரில் ஏஜென்ட் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்புவதைப் போல அங்கே பிரதி திரும்பி வருவதுகூட இல்லை. கணக்கு மட்டும் வரும், தாள் கூழுக்குப் போகும்.

விளம்பரம் இருந்தவரை இதெல்லாம் ஓடியது. விளைவு என்னவென்றால், இதழை உயிராக நேசித்தவன்கூடப் பல ஆண்டுகள் அதன் உண்மை விலையைக் கொடுத்ததே இல்லை. கொடுக்கச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவும் இல்லை.

1996 முதல் 2009 வரை: கைமாறிக் கைமாறி

பீட்டர்சன் தன் பதிப்பகத்தை 1996-ல் சுமார் 45 கோடி டாலருக்கு விற்றார். வாங்கிய முதலீட்டாளர்கள் மூன்று ஆண்டுகளுக்குள் அதைப் பிரிட்டனின் ஈமாப் நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட 120 கோடிக்குக் கைமாற்றினார்கள். ஈமாப் கையைச் சுட்டுக்கொண்டு 2001-ல் சுமார் 50 கோடிக்குப் பிரைமீடியாவிடம் கொடுத்தது. லோரைடர், ஸ்ட்ரீட் ராடர், ஆட்டோமொபைல் போன்றவையும் பிரைமீடியா குடைக்கீழ் இருந்தன. 2007-ல் ஆர்வலர் இதழ்கள் பிரிவை மொத்தமாக 120 கோடி டாலருக்கு சோர்ஸ் இன்டர்லிங்க் வாங்கியது.

சோர்ஸ் இன்டர்லிங்க் அடிப்படையில் பதிப்பகம் அல்ல. கடைகளுக்கு இதழ்களையும் இசைத்தட்டுகளையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் மொத்த விநியோக நிறுவனம். விநியோகமும் பதிப்பும் ஒரே கையில் இருந்தால் லாபம் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கி வாங்கினார்கள். அது 2007. முதல் ஐபோன் வந்த ஆண்டு. அடுத்த ஆண்டு நிதி நெருக்கடி வந்து கார் கம்பெனிகள் விளம்பரச் செலவைச் சுருக்கின. 2009-ன் தொடக்கத்தில் சோர்ஸ் இன்டர்லிங்கும் இன்னொரு பெரிய விநியோக நிறுவனமும் பிரதிக்கு 7 சென்ட் கூடுதலாகத் தர வேண்டும் என்று பதிப்பகங்களிடம் கேட்டன. பதிப்பகங்கள் மறுத்தன. அந்த இன்னொரு நிறுவனம் சில வாரங்களில் தொழிலை நிறுத்தியது. சோர்ஸ் இன்டர்லிங்க் அதே ஆண்டு ஏப்ரலில் திவால் பாதுகாப்புக் கோரியது. கடன் கொடுத்தவர்கள் உரிமையாளர்கள் ஆனார்கள்.

இந்தப் பதிமூன்று ஆண்டுகளில் இதழ்களின் உள்ளே நடந்ததைப் பழைய பிரதிகளை அடுக்கிப் பார்த்தாலே காணலாம். பக்கங்கள் குறைகின்றன, தாள் மெலிகிறது. ஒரு இதழுக்கென்று இருந்த புகைப்படக்காரரும் தொழில்நுட்ப ஆசிரியரும் பல இதழ்களுக்குப் பொதுவாகிறார்கள். ஒரே கட்டுரை சிறு மாற்றத்தோடு இரண்டு இதழ்களில் தலைகாட்டுகிறது. இணையத்தோடு போட்டி போட இதழ்களுக்கு ஆழம் தேவைப்பட்ட காலம் அது. கிடைத்த பணம் வட்டிக்குப் போனது. இணையம் வருவதற்கு முன்பே இந்த இதழ்கள் பலவீனப்பட்டுவிட்டன என்று சொல்லவில்லை. ஆனால் இணையத்தை எதிர்கொள்ளும் தெம்பு அவற்றிடம் மிஞ்சியிருக்கவில்லை.

2014: முதல் வெட்டு

2014 மே மாதம் பெரிய பதிப்பகம் ஒன்று பாக்கித் தொகை தொடர்பாகத் தன் இதழ்களைச் சோர்ஸ் இன்டர்லிங்க் வழியே அனுப்புவதை நிறுத்தியது. விநியோகப் பிரிவு மூடப்பட்டது. சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். பதிப்புப் பிரிவு டென் என்று பெயர் மாற்றிக்கொண்டு 12 இதழ்களை நிறுத்தியது. 1953-ல் தொடங்கிய ராட் அண்டு கஸ்டம், 1962-ல் தொடங்கிய பாப்புலர் ஹாட் ராடிங், ஜப்பானியக் கார்களைத் திருத்தும் இளைஞர்கள் படித்த இம்போர்ட் டியூனர், ஹோண்டா டியூனிங் எல்லாம் அதில் போயின.

பாப்புலர் ஹாட் ராடிங்கின் மஞ்சள் காரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1965-ல் அந்த இதழ் 250 டாலருக்கு 1957 ஆம் ஆண்டு ஷெவர்லே கார் ஒன்றை வாங்கி, புராஜெக்ட் எக்ஸ் என்று பெயர் வைத்தது. புதிய பாகம் எது சந்தைக்கு வந்தாலும் அந்தக் காரில் பூட்டிப் பார்த்து எழுதினார்கள். என்ஜின்கள் பல மாறின, ஆசிரியர்கள் மாறினார்கள், கார் மாறவில்லை. ஒரு காரின் வாழ்க்கையை அரை நூற்றாண்டு தொடர்கதையாக வாசகன் படித்தான். 2014-ல் இதழ் போனது. கார் அப்படியே இருந்தது, அதன் கதையைச் சொல்லும் இடம் இல்லாமல்.

இந்த முதல் வெட்டிலிருந்து நிர்வாகம் கற்றது என்ன என்று பின்னால் நடந்ததை வைத்துத்தான் ஊகிக்க முடிகிறது. ஒரு இதழை நிறுத்தினால் அதன் வாசகர் அருகில் உள்ள இன்னொரு இதழுக்கு வந்துவிடுவார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். ஹோண்டா ஓட்டுபவர் மஸ்டாங் இதழுக்கு வரமாட்டார் என்பது ஷெட்டில் நிற்கும் பையனுக்குத் தெரியும்.

2012–2019: திரை பக்கம் சாய்ந்த காலம்

இதே காலத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஹாட் ராட் இதழைச் சேர்ந்த இருவர் 2012-ல் ரோட்கில் என்ற நிகழ்ச்சியை யூடியூபில் தொடங்கினார்கள். ஓடாமல் கிடக்கும் பழைய காரை எங்கோ ஒரு கொல்லையில் பிடித்து, அங்கேயே ஓட வைத்து, நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வருவது. வழியில் நின்றுபோகும், ரோட்டோரத்தில் படுத்துச் சரிசெய்வார்கள். கார் கிராஃப்ட் கட்டுரையில் இருந்த அதே உயிர் திரையில் வந்தது. பெரும் கூட்டம் சேர்ந்தது.

அந்தக் கூட்டத்தைப் பார்த்த நிர்வாகம் சந்தா கட்டிப் பார்க்கும் ஒளிபரப்புச் சேவைக்கு நிகழ்ச்சியைக் கொண்டுபோனது. 2017-ல் டிஸ்கவரி நிறுவனம் டென்னோடு கூட்டுச் சேர்ந்து மோட்டார்டிரெண்ட் குழுமம் உருவானது. 2018-ல் வெலாசிட்டி தொலைக்காட்சிச் சேனல் மோட்டார்டிரெண்ட் என்று பெயர் மாறியது. பலம் எல்லாம் சேனலிலும் செயலியிலும் இருந்தது. அச்சு இதழ்கள் அந்த வீட்டில் பழைய பாத்திரங்கள் போலப் பரணில் இருந்தன.

முடிவும் அதற்குச் சொன்ன காரணமும்

ஊழியர்களுக்கு வந்த குறிப்பின் சாரம் இதுதான்: வாசகர்கள் இருக்கும் இடத்தில் நாம் இருக்க வேண்டும், எங்களிடம் வருபவர்களில் நான்கில் மூன்று பேர் அச்சைவிட டிஜிட்டலையே விரும்புகிறார்கள், பார்ப்பதில் பெரும்பகுதி போனில் நடக்கிறது.

அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் முடிவுக்கு நியாயம் உண்டு. விளம்பர வருவாய் ஒவ்வொரு ஆண்டும் தேய்ந்தது. பாகம் விற்கும் கம்பெனிகளுக்குத் தங்கள் பட்டியலை இணையத்தில் நேரடியாகக் காட்ட முடிந்தது. இதழின் எதிர்ப் பக்கம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பக்கம் தயாராகி, அச்சாகி, கடைக்குப் போக இரண்டு மூன்று மாதம் ஆகும் இதழ், காலையில் அறிமுகமான காரை மாலைக்குள் எல்லாரும் பார்த்துவிடும் உலகத்தில் புதுக் கார் செய்திக்காக விற்க முடியாது. பத்து டாலர் சந்தா நட்டக்கணக்கு. இத்தனையும் உண்மை.

என் மறுப்பு இரண்டு இடங்களில்.

முதலாவது, அந்த நான்கில் மூன்று. 'எங்களிடம் வருபவர்கள்' என்ற தொகையில் பெரும்பங்கு இலவசமாகத் தளத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். மீதி நான்கில் ஒருவர் யார் என்பதுதான் தொழில்ரீதியாக முக்கியமான கேள்வி. ஷெட்டில் ஒரு காரைப் பிரித்துப் போட்டிருப்பவர், மாதாமாதம் பாகம் வாங்குபவர், பழைய பிரதிகளை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருப்பவர். அவரிடம் 'இந்த இதழ் தொடர வேண்டுமானால் ஆண்டுக்கு 50 டாலர் தருவீர்களா' என்று கேட்டுப் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது, 19 இதழ்களையும் ஒரே தராசில் வைத்தது. செய்தி, புதுக் கார் சோதனை என்று ஓடிய ஆட்டோமொபைல் போன்ற இதழை இணையம் நேரடியாகத் தாக்கியது. அதற்குத் தனி வழி தேவைப்பட்டது. ஸ்ட்ரீட் ராடர் நிலை வேறு. 1932 ஃபோர்டுக்கு அவசரச் செய்தி எதுவும் இல்லை. மூன்று மாதம் தாமதமானாலும் கட்டுரை பழசாகாது. அதன் வாசகர் வயதில் மூத்தவர், கையில் காசு உள்ளவர், தாளில் படிக்க விரும்புபவர். அதன் விளம்பரதாரர்கள் சேஸி எனும் அடிச்சட்டம் செய்து கொடுப்பவர், உள் அலங்காரம் தைப்பவர் போன்ற சிறு பட்டறைக்காரர்கள். அவர்களுக்கு வேறு நல்ல கடைவீதி இல்லை. இந்த இதழ் அச்சில் பிழைக்க எல்லாப் பொருத்தமும் இருந்தது. நிறுத்தாமல் வைத்துக்கொண்ட மூன்றும் மிகப் பெரிய பெயர்கள். அச்சில் மிகச் சிறப்பாகப் பிழைக்கக்கூடியவை எவை என்று பார்த்துத் தேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பின் நடந்தவை

சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது. ஷெட் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஷெட்டுக்குள் புகுந்தார்கள்.

2020-ல் ஸ்ட்ரீட் ராடரை நடத்திய அனுபவசாலிகள் சிலர் இன் தி கராஜ் மீடியா என்ற சிறு பதிப்பகத்தைத் தொடங்கி, மாடர்ன் ராடிங் என்ற மாத இதழை அச்சில் கொண்டுவந்தார்கள். ஷெவி எனப்படும் ஷெவர்லே கார்களுக்கு ஒன்று, பழைய டிரக்குகளுக்கு ஒன்று என்று மேலும் இரண்டு இதழ்கள் தொடர்ந்து வந்தன. பழைய பெயர்கள் பழைய முதலாளியிடம் இருந்தன. வாசகர்களை ஒவ்வொருவராகப் புதிய பெயருக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. வந்தார்கள். தாள் அதே, கட்டுரை அதே வகை, விளம்பரம் கொடுத்த பட்டறைகளும் பெரும்பாலும் அதே. குறைந்தது ஒன்றுதான்: மேலே உட்கார்ந்திருந்த கடன்.

வேறு பதிப்பகம் ஒன்றும் இதே காலத்தில் மோட்டார்டிரெண்டுக்கு எதிர்த்திசையில் நடந்தது. ஹெர்ஸ்ட் நிறுவனம் 1947-ல் தொடங்கிய ரோடு அண்டு டிராக் இதழை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும்படி மாற்றி, தாளைத் தடிமனாக்கி, விலையைத் துணிந்து ஏற்றியது. சந்தாதாரர்களுக்குக் கார் ஓட்டும் பயணங்களும் ஏற்பாடு செய்தது. ஹாகர்ட்டி என்ற பழைய கார் காப்பீட்டு நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கென்று தரமான அச்சு இதழ் நடத்துகிறது. அங்கே இதழின் செலவைத் தாங்குவது உறுப்பினர் கட்டணம். மூன்று வழிகளும் வேறு வேறு. மூன்றிலும் பணம் தருகிறவர் படிக்கிறவராகவே இருக்கிறார்.

மோட்டார்டிரெண்ட் பக்கம் நடந்ததையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். நிறுத்திய இதழ்களின் இணையதளங்கள் மோட்டார்டிரெண்ட் தளத்துக்குள் கரைக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் டிஸ்கவரியும் வார்னர் மீடியாவும் இணைந்தன. புதிய நிறுவனத்தின் தலைமேல் பெருங்கடன். 2024 மார்ச்சில் மோட்டார்டிரெண்ட் பிளஸ் ஒளிபரப்புச் சேவையே மூடப்பட்டது. ரோட்கில்லும் நின்றது. அச்சு நிறுத்தப்பட்ட நாளிலிருந்து அதற்கு நான்கேகால் ஆண்டு. அதே 2024-ல் ஹாட் ராட் அச்சு இதழ் ஆண்டுக்கு நான்கு முறை வரும் கனமான இதழாக மாறி, தொடர்ந்து வெளிவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மோட்டார்டிரெண்ட் குழுமத்தை ஹெர்ஸ்ட் வாங்கியது. ஒரு காலத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற கார் அண்டு டிரைவர், ரோடு அண்டு டிராக், மோட்டார் டிரெண்ட், ஹாட் ராட் நான்கும் இன்று ஒரே கூரையின் கீழ்.

ஹாட் ராட் எப்படிப் பிழைத்தது? பெயரின் பலம் ஒன்று. இன்னொன்று, 1995-லிருந்து நடக்கும் பவர் டூர், 2005-லிருந்து நடக்கும் டிராக் வீக் போன்ற நிகழ்வுகள். வாசகர்கள் தங்கள் கார்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 1948-ல் கண்காட்சி வாசலில் இதழை விற்ற இடத்துக்கே அது திரும்பி வந்திருக்கிறது: கார் இருக்கும் இடத்தில் வாசகனைப் பார்ப்பது.

லோரைடரின் முடிவுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. கார்களை மெதுவாக ஓட்டி வருவதைத் தடைசெய்ய உள்ளூர் நகராட்சிகளுக்கு இருந்த அதிகாரத்தைக் கலிஃபோர்னியா சட்டம் இயற்றி நீக்கியது. 2024 ஜனவரி 1-லிருந்து அந்தத் தடைகள் இல்லை. பல பத்தாண்டுகள் போலீஸ் விரட்டிய தெருக்களில் இம்பாலாக்கள் உரிமையோடு இறங்கின. அந்த நாளைத் தாளில் பதிந்து, சிறையில் இருப்பவருக்கும் தாத்தாவின் வரவேற்பறைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டிய மாத இதழ் நின்று நான்கு ஆண்டு ஆகியிருந்தது. 1985-ல் ஒருமுறை நின்று 1988-ல் மீண்டும் எழுந்த இதழ் அது. அப்போது அதை எடுத்து நடத்த அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே ஆள் வந்தார். 2019-ல் அதன் பெயர் ஒரு பெருநிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஒரு வரி.

வேறு விதமாகச் செய்திருக்க வேண்டியவை

நிறுத்துவதற்கு முன் விலையை ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ராடர், லோரைடர், மஸ்டாங் மன்த்லி மூன்றுக்கு மட்டுமாவது ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்து, விளம்பர எண்ணிக்கைக்காகச் சேர்த்த மலிவுச் சந்தாக்களை உதிர விட்டு, முழு விலை கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணியிருக்கலாம். லட்சம் பிரதி இருபதாயிரமாகக் குறைந்தாலும் நடத்தக்கூடிய இதழ்கள் உண்டு. ஆனால் லட்சம் பிரதிக்கான அலுவலகச் செலவோடு அதை நடத்த முடியாது. எனவே இது சிறிய கைகளில்தான் நடந்திருக்கும். அடுத்த கேள்வி அங்கேதான் வருகிறது.

பெயரை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? தானே நடத்தப் போவதில்லை என்று முடிவான பிறகு, இதழின் பெயரையும் சந்தாதாரர் பட்டியலையும் அங்கே பணியாற்றியவர்களுக்கோ சமூக அமைப்புகளுக்கோ குறைந்த விலைக்கு, தவணையில்கூடக் கொடுத்திருக்கலாம். பெயரில் டிஜிட்டல் மதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மதிப்பைப் பயன்படுத்தியிருந்தால் அதுவும் சரி என்பேன். தனித் தளங்கள் பொதுத்தளத்துக்குள் கரைந்த பிறகு அந்தப் பெயர்களுக்கு வாசகர் மனத்தில் அன்றி வேறெங்கும் இருப்பிடம் இல்லை.

ஊழியர்கள் விஷயம் தனி. ஓர் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் என்பவர் எழுதத் தெரிந்த மெக்கானிக். புகைப்படம் எடுக்கத் தெரிந்தவரும்கூட. அப்படி ஒருவர் உருவாகப் பத்து ஆண்டு ஆகும். 22 இதழ்கள் இருந்த காலத்தில் சிறிய இதழில் கற்றுக்கொண்டு பெரிய இதழுக்கு ஏறும் படிக்கட்டு இருந்தது. ஹாட் ராட்டில் பேர் வாங்கிய பலர் கீழ்ப் படியில் தொடங்கியவர்களே. படிக்கட்டை எடுத்துவிட்டு மேல்மாடியை மட்டும் வைத்துக்கொண்டால், அடுத்த ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்று அந்தக் குறிப்பில் ஒரு வார்த்தையும் இல்லை.

நடைமுறையில் உடனே செய்திருக்கக்கூடியது ஆவணக் காப்பு. 19 இதழ்களின் எல்லாப் பக்கங்களையும் பட்டியலோடு, தேடும் வசதியோடு ஒரு நூலகத்திடமோ அருங்காட்சியகத்திடமோ ஒப்படைப்பதை நிறுத்தும் அறிவிப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கியிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர்சன் பெயரிலேயே 1994-லிருந்து வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. தளங்களை இடம் மாற்றும்போது கட்டுரை மட்டும் வந்து படம் தொலைவது எங்கும் நடப்பதுதான். பொதுக் கட்டுரையாக இருந்தால் படம் இல்லாமலும் படித்துவிடலாம். போல்ட் முறுக்கும் வரிசையைக் காட்டும் படம் இல்லாத கேம்ஷாஃப்ட் கட்டுரையை வைத்து என்ஜினை மூட முடியாது. 1970-களின் என்ஜின் ஒன்றைப் பிரித்திருப்பவர் இன்றும் ஒரு பழைய பிரதியைத் தேடி வாங்கித்தான் வேலையை முடிக்கிறார்.

புராஜெக்ட் எக்ஸ் கார் 2021-ல் மறுபடி வெளியே வந்தது. லாஸ் வேகஸில் நடந்த சேமா என்ற கார் உதிரிபாகக் கண்காட்சியில், ஷெவர்லே அதில் மின் மோட்டார் பூட்டிக் காட்டியது. 1957-ல் செய்த மஞ்சள் உடம்பு, உள்ளே பேட்டரி. 1965-லிருந்து அந்தக் கார் கண்ட மாற்றங்களிலேயே பெரியது இதுதான். ஒவ்வொரு மாற்றத்தையும் படத்தோடு விளக்கி வந்த பாப்புலர் ஹாட் ராடிங் நின்று அப்போது ஏழு ஆண்டு ஆகியிருந்தது.